எந்த உயிருக்கு என்று கேட்டவர்

இச்சித்திரத்தில் நான் கண்ணால் கண்டவையும், நேரே காதால் கேட்டவையும், அன்றன்றே குறிப்பேட்டில் எழுதிவைத்தவையும் மட்டுமே இடம்பெறும். பிறர் வாய்வழி வந்த செய்திகளில், இருவர் ஒருவரையொருவர் கலந்து பேசாமல் ஒன்றுபோலச் சொன்னவற்றை மாத்திரம் ஏற்றிருக்கிறேன். இது என் பிறவிக் கண்டிப்பு அன்று. நான் தமிழ் கற்பித்தவள். அழகின் பொருட்டு ஒரு சொல்லைக் கூட்டி எழுத முன்னர் கூசியதில்லை. ஆனால், உறுதிப்படுத்தாத ஒரு சொல்லை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, அதை மீட்டுக்கொள்வதற்காக இச்சித்திரத்துக்குரிய இவர் பட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன்பின் இவரைப் பற்றிக் கூட்டி எழுதக் கை வருவதில்லை. பெயரையும் எழுதவில்லை. முடிவுபெறாத எந்த அளவீட்டோடும் தம் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று என்னிடம் கேட்டிருந்தார். அந்த அளவீடு இன்றும் முடிவுபெறவில்லை.

மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்த ஒரு பாடசாலையில் நாங்கள் ஒன்றாகக் கற்பித்தோம். அவருக்கு உயிரியல். போர்த்துக்கேயர் வழிவந்த நகரத்துப் பறங்கிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர், நாற்பதைக் கடந்த பெண்மணி, மெலிந்து உயர்ந்தவர். உட்கார மாட்டார். ஆசிரியர் ஓய்வறையில் அவருக்கென்று ஒரு கதிரை இருந்தது. அதில் அவருடைய குடைதான் உட்கார்ந்திருக்கும். தேநீரை நின்றபடி குடிப்பார். விடைத்தாளை யன்னல் விளிம்பில் வைத்து நடந்து நடந்து திருத்துவார். ஒரு திருத்தம், நான்கு நடை, மறுபடி ஒரு திருத்தம். எதிரே இருப்பவருக்கு அது ஓயாத அரிப்பு.

கேட்ட கேள்விக்கு நேர்விடை தராமையும் அவரிடம் இருந்தது. ஒருநாள் கணித ஆசிரியர் பால்மாப் பையொன்றைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது பழுதாகிவிட்டதா என்று அவரிடம் நீட்டினார்.

“ஆருக்கு?” என்றார் இவர்.

“குடிக்கப்போற எனக்குத்தான்.”

“பூனைக்குக் காணும். எறும்புக்கு மெத்த நல்லம். உங்களுக்கு எப்பிடியெண்டு எனக்கு இன்னும் தெரியாது.”

இவரிடம் நேரம் கேட்டால், எந்த ஊர் நேரம் என்று திருப்பிக் கேட்பார் என்று கணித ஆசிரியர் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். இவரும் சிரித்தார். ஆனால் அது வேடிக்கைக்குச் சொன்ன விடை அன்று என்பதை நான் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

தந்தையாரின் நோய்க்காக ஊர் திரும்பி, போரினால் ஊரிலேயே நின்றுவிட்டவர் அவர். அதற்குமுன் குளிர்நாடொன்றில், அணுவுலைக் கழிவை மலைப்பாறையின் ஆழத்தில் புதைக்கும் திட்டமொன்றின் ஆய்வுக் குழுவில் பணிபுரிந்திருக்கிறார். புதைத்த இடத்துக்கு மேலே வாழும் உயிரினங்களுக்கு, நெடுங்காலத்தின் பின் கதிரியக்கம் கசிந்தால் எவ்வளவு போய்ச் சேரும் என்று கணிப்பது அவர்கள் வேலை. மண்புழு, வயலெலி, பாசி, குளத்துத் தவளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. முதலில் அங்கும் மனிதனுக்கு மட்டுமே கணக்குப் பார்த்தார்களாம். மனிதனைக் காத்தால் மற்றவை தாமே காக்கப்பட்டுவிடும் என்பது எண்ணம். அந்த எண்ணத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் அவருடைய மனக்குறை. மனிதன் நிலத்தின்மேல் நடந்து போகிறவன். உடும்பு அதற்குள் உறங்குகிறது. இரண்டுக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும் என்று என்னிடம் கேட்டார். அந்நாட்டிலிருந்து அவர் கொண்டுவந்தவற்றுள் ஒன்று, கதிர்களை ‘டிக்’, ‘டிக்’ என்ற ஒலியாக மாற்றிக் காதுக்குத் தரும் பழைய எண்ணுகருவி. ரொட்டிப் பெட்டி அளவினது. வகுப்பில் அதைக் காட்டுவார். எங்கும் எப்போதும் சிறிதளவு ஒலி இருக்கும், முற்றாக ஒலியற்ற மண் உலகில் இல்லை என்பது முதற் பாடம்.

தொண்ணூறுகளில் வாவி ஓர் எல்லையாக இருந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள எங்கள் எழுவான்கரை ஓர் அதிகாரத்தின் கீழும், வாவிக்கு மேற்கே சூரியன் படும் படுவான்கரை வேறோர் அதிகாரத்தின் கீழும் கிடந்தன. நடுவே, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் தட்டையான ஓடமும் இரு கரைகளிலும் சோதனைச் சாவடிகளும். பிற்பகல் நான்கு மணிக்குமேல் பாதை ஓடாது. அக்கரைக்குக் கொண்டுபோகக் கூடாத பொருள்களின் பட்டியலில் பற்றறி முதல் வரிசையில் இருந்தது.

அக்கரையில், வாவியோரச் சதுப்பில் வளரும் கண்ணாக் காட்டை ஒட்டிய மீனவர் குடியிருப்பு ஒன்றிலிருந்து சாமித்தம்பி என்பவர் இவரைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார். நண்டு வலை போடுபவர். அவ்வூர்ச் சங்கத்தின் தலைவர். அவர் சொன்னது இது. அவ்வூரில் முன்னர் ஒரு தருமச் சிகிச்சை நிலையம் இருந்தது. புற்றுநோய்க் கட்டிகளைச் சுடுவதற்கு அங்கே ரேடியம் ஊசிகள் வைத்திருந்தார்களாம். சண்டை தொடங்கியதும் நிலையத்தை மூடிப் போனவர்கள், ஊசிகள் இருந்த ஈயப் பெட்டியைப் பாழுங் கிணறொன்றில் இறக்கி மண்ணிட்டு மூடியதாக அதன் காவலாளி சாகுமுன் சொல்லியிருந்தான். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பங்குனியில் வாவியோரம் மீன்கள் செத்து ஒதுங்கின. பெட்டிக் கதை உயிர் பெற்றது. நகரத்து வியாபாரிகள் அவ்வூர் நண்டையும் இறாலையும் வாங்க மறுத்தார்கள்.

ஆற்றுவாய் அடைபட்டு நீர் சூடேறினாலும் மீன் சாகும், அது வேறு கதையாக இருக்கலாம் என்றார் இவர். ஆனால் பெட்டியைப் பற்றி அளக்காமல் எதுவும் சொல்ல மறுத்தார். அளப்பதற்குக் கருவி அக்கரைக்குப் போகவேண்டும். பற்றறி இல்லாமல் கருவி பேசாது.

வழியை அக்கரையாரே வைத்திருந்தார்கள். அவர்கள் வானொலி கேட்பது துவிச்சக்கர வண்டியின் டைனமோவில்: வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதிக்க, மற்றவர் செய்தி கேட்பார். நகரத்து வானொலி திருத்துநர் ஒருவர் கருவிக்கு ஏற்றபடி ஒரு சிறிய இணைப்பைச் செய்து கொடுத்தார். எண்களை எழுத என்னை அழைத்தார் இவர். காரணம் கேட்டேன். “நீங்க எழுத்துப் பிழை விடமாட்டீங்க. எண்ணையும் அப்பிடி எழுதுங்க” என்றார்.

ஆனி மாதம் ஒரு காலையில் போனோம். சாவடியில் சிப்பாய் கருவியைப் புரட்டி, வானொலிதானே என்று சிங்களத்தில் கேட்டான். ஆம் என்றால் முடிந்திருக்கும். இல்லை, இது கதிர் எண்ணும் கருவி என்று சிங்களத்திலேயே விளக்கத் தொடங்கினார். கண்ணிவெடியைக் காட்டுமா என்று கேட்டான். காட்டாது என்றார். பின்னே எதற்கு என்று அலுத்துக்கொண்டு, பற்றறி மூடியைத் திறந்து வெறுமையைக் கண்டு விட்டுவிட்டான். அக்கரையில் துப்பாக்கியோடு நின்ற இளைஞர்களும் அதே கேள்வியைக் கேட்டு அதே விடையைப் பெற்று அதேபோல் அலுத்துக்கொண்டார்கள்.

சாமித்தம்பி மிதித்தார். வேகம் மாறினால் ஒலியின் எண்ணிக்கையும் மாறிவிடும்; ஆகவே ஒரே சீராக மிதிக்க வேண்டும். அவர் வலை இழுக்கும் பாட்டொன்றை வாய்க்குள் முணுமுணுத்து அதன் தாளத்தில் மிதித்தார். இவர் கேட்குழலைக் காதில் செருகி, விரல் மடக்கி எண்ணியபடி நடந்தார். கம்பி இழுபடும் தூரம் நடந்து திரும்பினார். மூடிய கிணற்றின் வாய், பக்கத்துக் கறையான் புற்று, நண்டு வளை, உடும்புப் பொந்து, கூடையில் கிடந்த நண்டு எல்லாவற்றிலும் எண்ணினார். புற்றில் மட்டும் மூன்று முறை. ஏன் என்றேன். மனிதர் தோண்டாத ஆழத்து மண்ணைக் கறையான் மேலே கொண்டுவந்து தருகிறது, இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது என்றார்.

தனி எண்ணுக்குப் பொருளில்லை. அதுவும் மிதித்துப் பெற்ற மின்சாரத்தில் எடுத்த எண்ணுக்கு. ஒப்பிட, கிணற்றுக்குத் தொலைவில், யாரும் கலக்காத மண் ஒன்று வேண்டும். சுற்றிப் பார்த்து அவரே தேர்ந்தது கண்ணகி அம்மன் கோயில் முன்றில். தூய்மையாகப் பெருக்கப்பட்டு, செருப்புக் கால் படாமல் கிடந்தது. ஊரிலேயே தொடப்படாத மண் இதுதான் என்றார். தேவாலயத்துக்குப் போய் வளர்ந்தவர்; ஆயினும் எங்களுக்கு முன் செருப்பைக் கழற்றியவர் அவர்தான். நான் அந்த மணலில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதினேன். தாளில் ஒட்டிய மணலை ஊதிவிட்டேன். வெண்மணலிடையே கறுப்புப் பொடி மின்னியதைக் கண்டேன். எழுதிக்கொண்டே இருந்தேன்.

கிணற்றடியும், புற்றும், நண்டும் கோயில் முன்றிலைவிடக் கூடுதலாக எதையும் காட்டவில்லை.

சனம் கூடிவிட்டது. மண்ணின் மேற்பரப்பை மட்டுமே அளந்திருக்கிறது, நீருக்கடியில் கசிவு இருந்தால் வேறு முறையில் பார்க்கவேண்டும் என்று அவர் தொடங்கினார். சாமித்தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு குறுக்கிட்டார்.

“ரீச்சர், எனக்கு இந்த விளக்கமெல்லாம் ஏறாது. நண்டத் திங்கலாமா, திங்கப்படாதா? ஒத்தச் சொல்லாச் செல்லுங்க.”

இவர் முன்றிலில் அங்குமிங்கும் நடந்தார். சாமித்தம்பியின் மனைவி கண்ணம்மை ஒரு தூணருகில் நின்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“யாவாரி வாறல்ல. பிடிக்கிறதத்தான் நாங்க திங்கிறம். புள்ளையளுக்கும் அதத்தான் குடுக்கன். ஒவ்வொரு வாயும் பயந்து பயந்துதான் குடுக்கன்.”

இவர் நின்றார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அதுவே முதல் முறை.

“மத்த மண்ணில இரிக்கிறதவிடக் கூட ஒண்டும் இல்ல. திங்கலாம்.”

“எண்டுதான் நினைக்கன்” என்று எந்த வாக்கியத்தின் இறுதியிலும் சேர்ப்பவர், அன்று சேர்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். குறிப்பேட்டிலும் எழுதியிருக்கிறேன்.

சொல் அவருக்கு முன்னே வாவியைக் கடந்தது. அடுத்த கிழமையே வியாபாரிகள் போனார்கள். பாதைக்காரர் மூலம் சாமித்தம்பி அனுப்பிய நண்டை இவர் தம் வீட்டில் சமைத்து ஓய்வறைக்குக் கொண்டுவந்தார். கணித ஆசிரியர், “இது ஆருக்கு நல்லம்?” என்று கேட்டுவிட்டுப் பெரிய காலொன்றை எடுத்துக்கொண்டார். அந்நாட்களில் இவர் சில வேளைகளில் கதிரையில் உட்கார்ந்தார்.

ஆடியில் எங்கள் தெருக்கோயிலில் சடங்குக்கு ஆயத்தம் நடந்தது. பாடசாலை விட்டு இருவரும் வந்துகொண்டிருந்தோம். உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து முன்றிலில் மணல் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் நின்றுவிட்டார்.

“இந்த மண் எங்கயிருந்து வருது?”

“கடக்கரையிலயிருந்து. சடங்குக்கு முதல் புது மண் போடுறது வழக்கம்” என்றேன்.

“அக்கரைக் கோயிலுக்கும்?”

“ஓம். அவங்க தோணியில ஏத்திக் கொண்டு போவாங்க. அதுக்கெண்டு பாஸ் எடுப்பாங்க.”

“இது உங்களுக்கு அண்டைக்கும் தெரியுமா?”

தெரியும் என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருக்கலாம். அவ்வூரில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்த ஒன்று அது. எல்லாம் அறிந்தவருக்கு இதைப்போய் யார் சொல்வார்கள் என்று அவர்களும், இது எதற்கு உதவும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

நகரத்தில் பற்றறிக்குத் தடை இல்லை. மறுநாள் கருவியோடு கடற்கரைக்குப் போனோம். அலை விட்டுச்சென்ற கரும்பொடிக் கோடுகளில் ஒன்றின்மேல் கருவியை வைத்துக் கேட்குழலை என் காதில் தந்தார். சட்டியில் பொரி வெடிப்பதுபோல் இருந்தது. அவருடைய வீட்டு முற்றத்து மண்ணில் அதே கருவி விட்டுவிட்டுச் சொட்டியது. இந்தக் கரும்பொடியில் இயற்கையாகவே கதிர் இருக்கிறது, எவரும் புதைத்ததன்று என்றார். மணல் கலந்த கோயில் முன்றிலோடு ஒப்பிட்டதால், கிணற்றடி சாதாரணமாகத் தோன்றியிருக்கிறது. கிணற்றை மூடிய மண்ணும் கடல் மண்ணாக இருந்தால், நாங்கள் கேட்டது அந்த மண்ணின் ஒலி, அஞ்ச வேண்டியதில்லை. ஊர் மண்ணால் மூடியிருந்தால், அந்த ஒலி கீழேயிருந்து வருவது. எந்த மண்ணால் மூடினார்கள் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதன், அந்தக் காவலாளி, இறந்துவிட்டான். புற்றும் நண்டும் ஏன் முன்றிலுக்கு இணையாக ஒலித்தன என்பதே அவரை மேலும் வாட்டியது. மிதிப்பின் தடுமாற்றமாகவும் இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்பதை அவரே நம்பவில்லை.

மீண்டும் அளந்தபின் சொல்லலாம், இப்போது சொன்னால் வீணே கலவரம் என்று நான் வாதாடினேன். என் பிழையை மறைக்கும் ஆசையும் அதில் இருந்தது.

“அவங்க ஒவ்வொரு நாளும் திங்கிறாங்க” என்றார்.

சனிக்கிழமை போனோம். சாவடியில் வேறு சிப்பாய். அவனுக்கும் உண்மையையே சொன்னார். அவன் கருவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டான். அதனோடு வீடு திரும்பலாம், அல்லது அதை இங்கு வைத்துவிட்டுப் பாதையில் ஏறலாம் என்றான். அது இல்லாமல் போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவருடைய கையைப் பிடித்தேன். பாதை புறப்படச் சங்கு ஊதினார்கள். அவர் கருவியின் கம்பியை ஒழுங்காகச் சுற்றி, கேட்குழலை அதன்மேல் வைத்துவிட்டு ஏறினார்.

சாமித்தம்பி துறையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எழுந்து சிரித்தார். இவர் உட்கார மறுத்து, நின்றபடி, மணலையும் கிணற்றையும் முதலிலிருந்து விளக்கினார். நான் அதைவிடத் தெளிவான பாடத்தைக் கேட்டதில்லை. கண்ணம்மையும் வந்து நின்றாள்.

“அப்ப ஆபத்தா?” என்றார் சாமித்தம்பி.

“தெரியாது.”

“அண்டைக்குத் தெரிஞ்சிருந்துதே.”

“அண்டைக்கும் தெரியாது. தெரியும் எண்டு செல்லிப்போட்டன்.”

சாமித்தம்பி என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். இவர், கிணற்றடிக் கண்ணாவில் இனி வலை போடவேண்டாம், வடக்குப் பக்கம் போடலாம், அங்கேயும் அளக்கவில்லை, ஆனால் தூரம் அதிகம் என்றார். உடும்பையும் பிடித்து உண்ண வேண்டாம் என்றார்.

“வடக்கால காவலரண் இரிக்கி. தோணியக் கண்டாச் சுடுவாங்க. தெரியுந்தானே?”

அவருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

கண்ணம்மைதான் பேசினாள். “ரீச்சர், நீங்க வராம இருந்திரிக்கலாம்.”

“ஓம். இருந்திரிக்கலாம்.”

“வந்தது நல்லம் எண்டு நான் செல்லமாட்டன். ஆனா இண்டைக்குச் சமைக்கக்குள்ள எனக்குத் தெரிஞ்சிரிக்கும்.”

சாமித்தம்பி வலையை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டார். “நண்டுக்குச் சாகிறதா, சூட்டுக்குச் சாகிறதா எண்டு நாங்க யோசிக்கிறம். நீங்க போங்க, பாதை போயிரும்” என்றார். கோபமாக அன்று, பாதை உண்மையிலேயே புறப்பட இருந்தது.

திரும்பி வந்தபோது சாவடியில் காவல் மாறியிருந்தது. கருவியைப் பற்றி அங்கிருந்தவர் எவருக்கும் தெரியவில்லை. மூன்று சனிக்கிழமைகள் போய்க் கேட்டார். நான் இரண்டு முறை உடன் போனேன். வியாபாரிகள் மீண்டும் அவ்வூரைத் தவிர்த்தார்கள் என்பதைப் பாதைக்காரரும், சந்தையில் மீன் விற்ற பெண்ணொருத்தியும் தனித்தனியே சொன்னார்கள். புரட்டாதியில் சண்டை மூண்டு பாதை நின்றது. அவ்வூர்ச் சனம் உள்நாட்டுக்கு இடம்பெயர்ந்தது. வெல்லாவெளிப் பக்கம் என்றனர் சிலர், கிரான் பக்கம் என்றனர் வேறு சிலர். இவர் பாடசாலைத் தவணை முடியும்வரை கற்பித்தார். தவணை முடிந்த நாளில் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குத் தெரியாதவற்றை எழுதி முடிக்கிறேன். அக்கிணற்றில் பெட்டி இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. இருந்ததாயின் அது கசிந்ததா, புற்றிலும் பொந்திலும் வாழ்ந்தவற்றுக்கு ஏதேனும் நேர்ந்ததா என்பதும் தெரியாது. என் குறிப்பேட்டின் எண்களை இங்கே தரவில்லை; அவை எதை அளந்தன என்று எனக்கு நிச்சயமில்லை. இடம்பெயருமுன் இருந்த அந்தச் சில கிழமைகளில் சாமித்தம்பி எந்தப் பக்கம் வலை போட்டார் என்று அறிய முயன்றேன். இருவர் ஒன்றுபோலச் சொல்லவில்லை. குடையோடு போனவர் பின்னர் எங்கே போனார் என்பதற்கு மூன்று கதைகள் கேட்டிருக்கிறேன், மூன்றையும் விட்டுவிட்டேன். அன்று கோயில் முன்றிலில் அவர் சொன்னதும், பிறகு துறையில் நின்று மீட்டுக்கொண்டதுமான அந்தச் சொல் உண்மையாகவே இருந்திருக்கவும் கூடும். அதுவும் எனக்குத் தெரியாது.